துணியால் ஆன போர் விமானம்

சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய், ஜப்பானில் எஃப்-2: தறி தெரிந்த ஆரணியிலிருந்து ஒரு பார்வை

கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்தில் நிற்கும் தேஜஸ் விமானத்தின் மேல் கை வைத்தால், கை படுகிற இடம் அநேகமாக உலோகமாக இருக்காது. அதன் வெளிப்பரப்பில் ஏறக்குறைய 90 சதவிகிதமும், உடற்கட்டின் எடையில் 45 சதவிகிதமும் கார்பன் இழையால் ஆனவை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும் கரிய இழைகளை ஒரே திசையில் அடுக்கியோ, பாவும் ஊடையுமாக நெய்தோ துணியாக்கி, பிசின் ஊட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்து எடுத்த உடம்பு அது. ஒலியைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கிற ஒரு போர் விமானத்தில் பெரும்பங்கு துணி.

ஆரணியில் இதைச் சொன்னால் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள். எந்தத் திசையில் எத்தனை இழை என்றுதான் கேட்பார்கள். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊருக்குப் பட்டும் அரிசியும்தான் முகவரி. சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்கள். இங்கே பாவு பிணைப்பதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு பாவு தீர்ந்து அடுத்தது ஏறும்போது, தறியில் மிச்சமிருக்கும் பழைய இழையின் முனையோடு புது இழையின் முனையை வைத்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு திரி திரித்துவிடுகிறார்கள். முடிச்சு கிடையாது. முடிச்சு போட்டால் அச்சுப் பல்லில் சிக்கும், இழை அறும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக. நடுவில் ஒரு இழை இடம் மாறினாலும் சேலை நெடுகக் கோடு ஓடும். வியாபாரியின் கண்ணுக்கு அது தப்பாது, கூலியில் பிடித்துவிடுவார்.

விமானத்தின் உடம்பு தயாராகிற இடத்திலும் கண்டிப்பு இதேதான். பிசின் ஊறிய கார்பன் துணிச் சுருள்கள் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் கிடக்கும். வெளியே எடுத்து, தூசு புகாத அறையில் வெட்டி, ஓர் அடுக்கு நேராக, அடுத்தது 45 டிகிரி சாய்வாக, அதற்கடுத்தது குறுக்காக என்று அச்சின்மேல் விரிக்கிறார்கள். ஓர் அடுக்கின் கனம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பிறகு அறை அளவு பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான ஒரு கலத்துக்குள் தள்ளி, கிட்டத்தட்ட 180 டிகிரியில் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். விரிக்கும்போது ஒரு மடிப்பு விழுந்தாலோ, இழை கொஞ்சம் கோணல் போனாலோ, உடல் எடையைப் போல எட்டு மடங்கு விசையோடு விமானம் திரும்புகிறபோது அந்த இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். பெங்களூருவின் தேசிய விமானவியல் ஆய்வகத்தின் (என்.ஏ.எல்.) விஞ்ஞானிகள் தேஜஸுக்காக இந்த வித்தையைப் பல வருஷம் பழகித்தான் கைவசப்படுத்தினார்கள்.

தமிழ்நாட்டு மண்ணிலிருந்து இன்று போர் விமான ஸ்குவாட்ரன்கள் பறக்கின்றன. சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய். எல்லை என்றால் காஷ்மீரும் ராஜஸ்தானும்தான் என்று நினைத்தே பழகிவிட்ட நமக்கு, இது அவ்வளவாக உறைக்கவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றும் உறைக்கவில்லை: இந்த விமானங்களுக்கு வேண்டிய கைவேலை நம் நெசவு ஊர்களின் பரம்பரைத் தொழிலுக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது.

சூலூர் கண்ட இரண்டு படைகள்

சூலூர் தளம் பழைய தளம். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் கடற்படை இங்கே 'வைரி' என்ற பெயரில் விமானத் தளம் வைத்திருந்தது. 1961ல் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கான சீ ஹாக் போர் விமானங்கள் இங்கேதான் குடியிருந்தன. கோவா நம் கைக்கு வந்த பிறகு கடற்படை அங்கே பெயர்ந்தது. அதன்பின் நெடுங்காலம் சூலூர் என்றால் சரக்கு விமானம், ஹெலிகாப்டர், பழுதுபார்க்கும் பணிமனை என்றுதான் பேச்சு. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு குன்னூர் அருகே விழுந்த ஹெலிகாப்டரும் சூலூரிலிருந்து கிளம்பியதுதான்.

தேஜஸ் வந்த கதை 2016 ஜூலை 1 அன்று பெங்களூருவில் தொடங்குகிறது. 45ஆம் ஸ்குவாட்ரன், 'ஃப்ளையிங் டேகர்ஸ்', இரண்டே இரண்டு தேஜஸோடு மறுபிறவி எடுத்தது. 2018ல் சூலூருக்குக் குடிவந்தது. அதற்கு முன் அவர்கள் ஓட்டியது மிக்-21. கார்கில் போர் முடிந்த சில வாரங்களில், 1999 ஆகஸ்ட் 10 அன்று, கட்ச் பகுதியில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் உளவு விமானத்தை வீழ்த்தியது இதே ஸ்குவாட்ரன்.

இரண்டாவது, 18ஆம் ஸ்குவாட்ரன், 'ஃப்ளையிங் புல்லட்ஸ்'. இந்திய விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா இவர்களுடையது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் ஓடுதளத்தின்மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே தன் நாட் விமானத்தை மேலே கிளப்பி, எதிரியின் சேபர் விமானங்களோடு தனியாக மோதி உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் சேகோன் இந்தப் படையின் பிள்ளை. 2016ல் விமானங்கள் இல்லாமல் முடங்கிய இந்த ஸ்குவாட்ரன், 2020 மே 27 அன்று, ஊரடங்கு காலத்தின் நடுவே, சூலூரில் தேஜஸோடு திரும்பி எழுந்தது.

2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' கூட்டுப் பயிற்சியின் முதல் கட்டம் சூலூரில் நடந்தபோது ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் படைகள் வந்திறங்கின. யூரோஃபைட்டரும் ரஃபேலும் கோவை வானத்தில் தேஜஸோடு சேர்ந்து பறந்தன. தோட்டத்து வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்த குழந்தைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதே மனசு நிறைகிறது.

அடுத்த வருஷமே துக்கமும் வந்தது. 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் சாகசம் காட்டிக்கொண்டிருந்த தேஜஸ் விழுந்து, விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். இமாச்சலப் பிரதேசத்துக்காரர், பணியாற்றியது சூலூரில். அவர் உடல் முதலில் வந்திறங்கியதும் சூலூரில்தான்; கொங்கு மண்ணிலிருந்துதான் சொந்த ஊருக்குப் போனது.

கடலைப் பார்த்து நிற்கும் தஞ்சாவூர்

தஞ்சாவூர் தளத்தின் வேலை வேறு. 2020 ஜனவரி 20 அன்று 222ஆம் ஸ்குவாட்ரன், 'டைகர்ஷார்க்ஸ்', இங்கே சுகோய்-30 விமானங்களோடு நிலைகொண்டது. தென்னிந்தியாவில் நிறுத்தப்பட்ட முதல் சுகோய் ஸ்குவாட்ரன் இதுதான். அதன் தனிப் பலம் பிரமோஸ். இரண்டரை டன் எடையுள்ள அந்த ஏவுகணையை வயிற்றுக்கடியில் சுமக்க வேண்டும் என்றால் சாதாரண சுகோய் தாங்காது. அடிப்பாகத்தைப் பலப்படுத்திய விமானங்கள் தேவை. 2017 நவம்பர் 22 அன்று வங்கக் கடலின்மேல் ஒரு சுகோயிலிருந்து பிரமோஸை முதன்முதலாக ஏவிப் பார்த்து, கடலிலிருந்த இலக்கை அடித்தார்கள்.

நோக்கம் கடல்தான். மேற்கே அரபிக் கடல், கிழக்கே மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதை, தெற்கே இலங்கையைச் சுற்றிய நீர்ப்பரப்பு. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங்-5 கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றபோது, தஞ்சாவூரில் ஏன் சுகோய் என்ற கேள்வியே எழவில்லை.

இந்தப் பக்கத்துக் கடல் வழியாக ஆபத்து வந்த அனுபவம் நம் தாத்தா பாட்டிகளுக்கு உண்டு. அன்றைக்கு வந்தது ஜப்பான். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. கொழும்பில் குதிரைப் பந்தய மைதானத்தையே ஓடுதளமாக்கி, பிரிட்டிஷார் ஒரு ஹரிக்கேன் ஸ்குவாட்ரனை அங்கே வைத்திருந்தார்கள். அப்படி ஓர் இடம் இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது. ரத்மலானை தளத்தை அடிக்க வந்தவர்களின் கண்ணில் படாமல் அங்கிருந்து விமானங்கள் மேலேறின. மதராஸ் நடுங்கிப்போனது. பட்டணத்தைக் காலி செய்துவிட்டு உள்மாவட்டங்களுக்கு ஜனங்கள் ரயிலிலும் வண்டியிலும் கிளம்பினார்கள். மிருகக்காட்சி சாலையில் கூண்டுக்குள் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. தமிழ்நாடு முழுக்க அந்தக் காலத்தில் போட்ட ஓடுதளங்கள் பல. அரக்கோணம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று. தஞ்சாவூர்த் தளத்தின் வேரும் அங்கேதான்.

அந்தப் போர் பட்டையும் உலுக்கியது. 1941 வரை அமெரிக்காவுக்கு வேண்டிய கச்சாப் பட்டில் மிகப் பெரும்பங்கை அனுப்பிக்கொண்டிருந்தது ஜப்பான். வியாபாரம் நின்றது. பாராசூட்டுக்குப் பட்டு கிடைக்காமல் அமெரிக்கர்கள் நைலானுக்கு மாறினார்கள். இங்கே மைசூர்ப் பட்டு பாராசூட்டுக்குப் போனது. சேலையாகியிருக்க வேண்டிய இழை, விமானியின் உயிரைக் காக்கப் போனது.

ஜப்பான் இன்று

அன்று குண்டு போட்ட நாட்டோடு இன்று நாம் சேர்ந்து பறக்கிறோம். 2023 ஜனவரியில் நான்கு சுகோய்-30 விமானங்கள் ஜப்பானின் இபராக்கி மாநிலத்து ஹியாகுரி தளத்துக்குப் போய், 'வீர் கார்டியன்' என்ற பயிற்சியில் இரண்டு வாரம் ஜப்பானின் எஃப்-2, எஃப்-15 விமானங்களோடு பறந்தன. இரு நாட்டுப் போர் விமானங்கள் இப்படிக் கூடியது அதுவே முதல் தடவை. அவனி சதுர்வேதி அந்தக் குழுவில் இருந்தார். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போன முதல் இந்தியப் பெண் போர் விமானி. அடுத்த வருஷம் செப்டம்பரில் ஜப்பானிய எஃப்-2 விமானங்கள் ஜோத்பூருக்கு வந்தன.

ஜப்பான் தன் ஸ்குவாட்ரன்களை வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அந்த நாட்டின் கவலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வடக்கே ரஷ்யாவைப் பார்த்து சிடோசேயில் 201, 203. மிசாவாவில் எஃப்-35 ஓட்டும் 301, 302. தெற்குக் கோடியில், ஒகினாவா தீவின் நாஹா தளத்தில், சீனாவைப் பார்த்து 204, 304. நாஹாவில் நெடுநாள் ஒரே ஒரு ஸ்குவாட்ரன்தான். கிழக்குச் சீனக் கடலில் சீன விமானங்களின் வரவு கூடக்கூட, 2016 ஜனவரியில் இரண்டாவதைக் கொண்டுவந்து ஒன்பதாம் விமானப் படையணியை அமைத்தார்கள். அடுத்த நிதியாண்டில் அந்நிய விமானத்தை மறிக்க ஜப்பானிய விமானிகள் 1,168 தடவை ஓடிப்போய் விமானம் ஏறினார்கள். அதற்கு முன் எந்த வருஷமும் அவ்வளவு இல்லை. சராசரியாக ஒரு நாளைக்கு மூன்று. விமானி ஏறுவதற்குள் எரிபொருள் நிரம்பி, ஆயுதம் மாட்டி, ஒவ்வொரு திருகையும் ஒருவர் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். செய்தியில் அந்தத் தரைப் பணியாளர்கள் வருவதில்லை.

அவர்களின் பொறுமைக்கு ஒரு சாட்சி மட்சுஷிமா தளம். 2011 மார்ச் 11 சுனாமியில் அங்கே நின்ற 18 எஃப்-2பி பயிற்சி விமானங்கள் சேற்றுத் தண்ணீரில் மிதந்து, கட்டடங்களில் மோதி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. 2004 டிசம்பர் 26ல் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தை அப்படியே இழந்த நமக்கு அந்தக் காட்சியின் வலி தெரியும். கார் நிக்கோபாரில் வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஜப்பானியர்கள் உப்பேறிய அந்த விமானங்களைக் கழற்றி, கழுவி, 13 விமானங்களை மறுபடி பறக்க வைத்தார்கள். வருஷக்கணக்கான வேலை அது. மீதி ஐந்தை உதிரிபாகத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்த எஃப்-2வின் இறக்கை, பெரும்பாலும் கார்பன் இழையில், பாகங்களை ஒன்றாகச் சேர்த்து வேகவைத்து எடுத்தது. தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரான ஒரு போர் விமானத்துக்கு இப்படி இறக்கை செய்த முதல் நாடு ஜப்பான். அந்தத் துணிவுக்குப் பின்னால் ஒரு நெசவு வரலாறு இருக்கிறது. இன்று உலகிலேயே அதிகமாகக் கார்பன் இழை செய்யும் தோரே நிறுவனம் 1926ல் தோயோ ரேயான் என்ற பெயரில், செயற்கைப் பட்டு நூல் தயாரிக்கத் தொடங்கியது. கம்பளி மாதிரி உடுத்த உதவும் அக்ரிலிக் நூலைச் சூட்டில் கருக்கி வலுவான கார்பன் இழை எடுக்கலாம் என்று 1959 வாக்கில் கண்டவர் ஒசாகா அரசு ஆய்வகத்தின் அகியோ ஷிண்டோ. 1971ல் தோரே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டொயோட்டாவும் அதே 1926ல் தானியங்கித் தறி செய்த கம்பெனியாகத்தான் பிறந்தது. நூலும் தறியும் தெரிந்த ஊர்களை, பழைய தொழில் என்று ஒதுக்காமல், புதிய தொழிலுக்குள் ஜப்பான் கைப்பிடித்துக் கூட்டிப் போனது.

நம் பக்கம்

தமிழ்நாட்டிலும் இந்தப் பாதை ஓரிடத்தில் திறந்திருக்கிறது. 1962ல் கோவையில் ஸ்பின்னிங் மில்களுக்கு இயந்திரம் செய்யத் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், இன்று தேஜஸின் காற்று உள்வாங்கும் பகுதியைச் செய்துகொடுக்கும் நிறுவனங்களில் ஒன்று. எல் அண்ட் டி நிறுவனத்தின் கோவை ஆலையிலிருந்து தேஜஸ் மார்க்-1ஏ விமானத்தின் இறக்கைகள் போகின்றன. சூலூரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் விமானத்தின் உறுப்புகள் உருவாகின்றன. அதுவும் மில் தொழில் வளர்த்த ஊரில்.

அவசரமும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்த பிறகு, 42 ஸ்குவாட்ரன்கள் இருக்க வேண்டிய விமானப்படையில் 29தான் மிச்சம். ஒரு ஸ்குவாட்ரனுக்கு 16 முதல் 18 விமானம். 2021ல் சுமார் 48,000 கோடி ரூபாய்க்கு 83 தேஜஸ் விமானங்கள் கேட்டார்கள். 2024 மார்ச்சில் வரத் தொடங்க வேண்டியவை, அமெரிக்காவிலிருந்து எஞ்சின் வராமல் தள்ளிப்போயின. 2025 செப்டம்பரில் இன்னும் 97க்கு 62,370 கோடியில் ஒப்பந்தம் போட்டார்கள். எஞ்சினுக்கு அடுத்தவனை நம்பியிருக்கும் வேதனை ஒரு பக்கம். கார்பன் இழையில் பெரும்பகுதியும் நமக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. விமானத்தை உள்நாட்டில் செய்கிறோம் என்று பெருமைப்படுகிற நாம் இந்த இழையைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு விமானப்படையோடு ரத்த உறவே உண்டு. 2019 பிப்ரவரி 27 அன்று ஸ்ரீநகரிலிருந்து மிக்-21 பைசனில் கிளம்பி, பாகிஸ்தானின் பிடியில் சிக்கி, மார்ச் 1ஆம் தேதி வாகா வழியே நிமிர்ந்து நடந்து வந்த அபிநந்தன் வர்தமானின் பூர்வீகம், நம் மாவட்டத்துத் திருப்பனமூர் என்ற தமிழ்ச் சமணக் கிராமம். அவர் அப்பா ஏர் மார்ஷல் சிம்மக்குட்டி வர்தமானும் போர் விமானிதான். இந்தப் பழைய வட ஆற்காட்டுப் பகுதிப் பிள்ளைகள் ராணுவத்துக்குப் போவது தலைமுறைப் பழக்கம். ஆள் கொடுத்துக்கொண்டே இருக்கும் இந்தப் பகுதிக்குத் தொழில் வரவில்லை. பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று அறிவித்த பட்டியலில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி இருக்கின்றன. ஆரணி இல்லை. தறிக்காரர்களின் பிள்ளைகள் கம்பெனி வேன் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ராணிப்பேட்டைக்கும் போகிறார்கள். குழித்தறியில் நாளெல்லாம் கால் மிதித்து வாங்கும் கூலியை அறிந்த எவரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கைத்தறியில் கார்பன் துணி நெய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கார்பன் இழை வளைத்தால் முறியும், பறக்கும் துகள் மூச்சில் ஏறும். அதற்கான தறியும் அறையும் பயிற்சியும் வேறு. ஆனால் ஓர் இழையின் இழுவிசை விரலுக்குத் தெரிவதும், ஆயிரம் இழையில் ஒன்று பிசகினால் கண்ணுக்குப் படுவதும் ஒரு வருஷப் பயிற்சியில் வருகிற சமாச்சாரம் இல்லை. விமானம் இறங்கும்போது வாலில் விரிகிற பிரேக் பாராசூட், பாராசூட்டின் நாடாக்கள், ரேடார் மூக்கை மூடும் கண்ணாடி இழைத் துணி, குண்டு துளைக்காத உடுப்பு: ஒரு ஸ்குவாட்ரனைச் சுற்றி நெசவு வேலை நிறைய இருக்கிறது.

தொழில்நுட்ப ஜவுளிக்கென்றே மத்திய அரசு 2020ல் 1,480 கோடி ரூபாயில் ஒரு இயக்கம் தொடங்கியது. சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆரணியை ஒட்டி, தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியே இருக்கிறது. அங்கே தொழில்நுட்ப ஜவுளிக்கு ஒரு பாடப்பிரிவும், சோதனைத் தறிகளோடு ஒரு கூடமும் வைத்து, இங்குள்ள நெசவாளர்களைப் பயிற்றுநர்களாக உட்கார வைக்கலாம். கோவையின் விமான உறுப்பு ஆலைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். தறி தெரிந்த அப்பாவும் பொறியியல் படித்த மகளும் ஒரே வீட்டில் இருக்கும் தலைமுறை இது. அப்பா தறியிலிருந்து எழுந்து போவதற்குள் அந்தக் கூடத்தைத் திறக்க வேண்டும். தமிழ்நாடு அரசு அடுத்த பட்ஜெட்டிலேயே அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.